அப்பாவின் வேட்டியில் ஏறிய நரம்பு

"தனலட்சுமி, இது நரம்பு இல்லைம்மா. வேட்டி."

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பேராசிரியர் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னார்.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக் கூடம் அது. ஜன்னலோரம் அண்ணியின் தையல் மேசை. மெஷினைக் கழற்றி மூலையில் கிடத்திவிட்டு, அந்த இடத்தில் கல்லூரி மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தேன். நாற்காலி உயரம் போதவில்லை என்று ஒரு நெல் மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் பேராசிரியரை உட்கார வைத்திருந்தோம். சுற்றி நான், அண்ணி, அப்பா. அடுப்பில் பருப்பு வேகிற வாசனை கூடம்வரை வந்தது.

"பருத்தி நார்," என்றார் பேராசிரியர். "துவைச்சுத் துவைச்சு நைஞ்சுபோன பருத்தி. ரிப்பன் மாதிரி தட்டையா, நடுநடுவே முறுக்கு முறுக்கா இருக்கு பார். நரம்புக்கு ஏதும்மா முறுக்கு? ஸ்லைடுமேல மூடற கவர் கண்ணாடியை எதால துடைச்சே?"

எனக்கு முந்திக்கொண்டு அப்பா சொன்னார். "என் பழைய வேட்டிங்க. மெத்துனு இருக்கும்னு கிழிச்சுக் குடுத்தேன். அதுக்குள்ளாறயா தெரியுது?" அவருக்கு ஒரே சந்தோஷம். தம் வேட்டி இவ்வளவு பெரிதாகத் தெரிவது அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணி சும்மா இருந்தாளா? "காலைலயே சொன்னேன் தனம், நூலு மாதிரி கீதேன்னு. நீதான் வாய மூடுன்னே."

சேக்காட்டில் பிறந்து, எட்டு வயதிலிருந்து ஊசியில் நூல் கோக்கிறவள் அவள். நூலைப் பார்த்தால் நூல் என்று தெரியாதா? எனக்குத்தான் தெரியவில்லை. விலங்கியல் பட்டம் வாங்கியவளுக்கு அப்பாவின் வேட்டி நூல் நரம்பாகத் தெரிந்தது. வெட்கத்தில் காது மடல்வரை சுட்டது. இப்போது எழுதும்போதும் சுடுகிறது.

குண்டு பயம் தந்த மைக்ராஸ்கோப்

ஒரு கல்லூரி மைக்ராஸ்கோப் மேனாம்பேட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது. மேற்கே வருகிற ரயில்களில் மனிதர்கள் பாதி, பாத்திரம் பண்டம் பாதி. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஓர் அறை காலியாக இருந்தால் போதும், கேள்விப்படாத சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். ஒரு அம்மாள் கூண்டோடு கிளியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மாட்டுக்கொட்டகையில் பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். கிளி மட்டும் போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. அது வேறு கதை.

எங்கள் கல்லூரியையும் மூடினார்கள். உடையக்கூடிய சாமான்களைப் பட்டணத்துக்கு வெளியே வீடு உள்ளவர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது மைக்ராஸ்கோப். ஜெர்மனியில் செய்தது. ஜெர்மன்காரனோடு ஒருபக்கம் சண்டை, இன்னொரு பக்கம் அவன் செய்த கண்ணாடியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் நான்.

கொடுக்கும்போது பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். அவரிடம் ஆராய்ச்சி மாணவர் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் அதைக் கேட்டு மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைக்குக் கொடுத்தால் பாதியில் கல்யாணம் என்று போய்விடுவாள் என்று அவருக்குச் சந்தேகம். அதை மறைக்கவும் இல்லை.

"காலேஜ் திறக்கறதுக்கு முன்னாடி நானே வந்து இதை எடுத்துக்கிட்டுப் போவேன்," என்றார். "அன்னிக்கு உயிரோட வளர்ற ஒரே ஒரு நரம்பு நாரை எனக்குக் காட்டு. இடம் உனக்கு. காட்ட முடியலைன்னா எல்.டி. படிச்சு டீச்சரா போ. அதுவும் நல்ல வேலைதான்."

அந்த 'அதுவும் நல்ல வேலைதான்' இருக்கிறதே, அதுதான் எனக்கு உறைத்தது. டீச்சர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நல்ல வேலைதான். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கட்டைவிரலுக்கு யார் வழி சொன்னது?

எனக்கு அந்த நரம்புப் பைத்தியம் பிடித்தது இரண்டாம் வருஷ வகுப்பில். கருவில் முதலில் முதுகுப்பக்கம் ஒரு குழாய் உருவாகிறது. அதுதான் பிற்பாடு மூளையும் தண்டுவடமும். கை, கால் எல்லாம் அப்புறம் மொட்டு விடுகின்றன. குழாயில் இருக்கும் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு மெல்லிய நாரை வெளியே நீட்டுகிறது. அந்த நார் தசைக்கும் தோலுக்கும் நடுவே புகுந்து புகுந்து போய், கால் கட்டைவிரலை ஆட்ட வேண்டிய நார் சரியாகக் கட்டைவிரலுக்கே போய்ச் சேருகிறது.

எப்படி? வரைபடம் கிடையாது. முன்னே பின்னே போன அனுபவம் கிடையாது. கண் கிடையாது. ஆனாலும் போகிறது. எனக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. என் கட்டைவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே ரயிலில் வந்தேன். எதிரே இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் ஒருவர் இதை உயிரோடு பார்த்துவிட்டார். தவளைக் கருவிலிருந்து அந்தக் குழாயின் ஒரு துணுக்கை வெட்டி, தவளையின் உடம்பு நீர் ஒரு சொட்டில் வைத்து, கவர் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிக் குழி உள்ள ஸ்லைடின்மேல் தொங்கவிட்டார். நீர் உறைந்து பிடித்துக்கொண்டது. துணுக்கிலிருந்து நார் வெளியே வந்து ஊர்ந்ததாம். அதன் நுனி ஒரு சின்னக் கை மாதிரி விரல் நீட்டித் தடவித் தடவிப் போனதாம்.

புத்தகத்தில் அதன் படம் போட்டிருந்தது. கறுப்புக் கோடு, நுனியில் நாலைந்து விரல். எவ்வளவு மெல்லிசு என்று படத்தைப் பார்த்துத் தெரியாதல்லவா? என் வேட்டிக் குழப்பத்துக்கு அதுதான் காரணம். சாக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் சொன்ன நேரமும் நம்ம ஊர் வெயிலும்

தவளை முட்டைக்கு மழை வேண்டும். முதல் மழை பெய்த மறுநாள் விடிந்ததும் நானும் அண்ணியும் ஏரிப்பக்கம் போனோம். வரப்போரத் தண்ணீரில் சொறித்தவளை முட்டைகள், கருகமணி கோத்த மாதிரி சரம் சரமாகக் கிடந்தன. அண்ணி புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு சரத்தைத் தூக்குவாளியில் அள்ளினாள்.

"இன்னா தனம் இது, கையெல்லாம் வழவழன்னு. கலீஜு. இதுல நீ இன்னாத்த பாக்கப் போறே?"

"நரம்பு வழி கண்டுபிடிக்கிறதை அண்ணி."

"அது வழி கண்டுபுட்சா உனக்கு இன்னா? நீ வழி கண்டுகினு ஊடு வந்து சேரு. உங்கண்ணன் பசியில குதிக்கும்."

அண்ணன் பட்டாபிராமில் மிலிட்டரி சாமான் இறங்கும் ரயில் சைடிங்கில் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் போனால் பொழுதுசாய வருவார். உடம்பு நீர் எடுக்க நான் வீட்டில் பெரிய தவளைகளை வைத்திருந்ததே அவருக்கு ஒரு வாரம் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இடுக்கி, ஊசி, கவர் கண்ணாடி எல்லாவற்றையும் நான் இட்லிப் பானையில் வேகவைத்ததைப் பார்த்துவிட்டார். "சோறு துன்ற ஊட்ல இன்னாடி இது அக்கிரமம்?" என்று கத்தினார். அதோடு இட்லியை நிறுத்திவிட்டு மாசக்கணக்கில் தோசைதான் கேட்டார்.

முதல் மழை முட்டை வீணானது. புத்தகத்தில் முட்டை இட்டு இத்தனாவது நாள் குழாய் மூடும், அப்போது வெட்டு என்று எழுதியிருந்தது. அதன்படி நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை அண்ணி வாளியைக் கொண்டுவந்து என் மூக்கின்கீழ் நீட்டினாள். உள்ளே கறுப்பாக ஏதோ துடித்தது.

"நீ நாள் பாத்துகினு இரு. அதுக்குள்ள வாலு மொளச்சிகினு நீச்சலு அடிக்குது."

அமெரிக்கத் தவளை அங்கே குளிர்ந்த குளத்தில் ஆற அமர வளர்கிறது. நம்ம ஊர் வெயிலில் வாளித் தண்ணீர் கொதிக்காத குறை. இங்கே நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். அட அறிவே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அமெரிக்கர் மேனாம்பேட்டுக்கு வந்து புத்தகம் எழுதவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது மழையில் காலையில் அள்ளிய முட்டையைச் சாயங்காலத்துக்குள் வெட்டினேன். இந்த முறை வேளை சரி. ஆனால் தவளையிடமிருந்து எடுத்துச் சொட்டிய நீர் உறையவில்லை. துணுக்கு வெறும் தண்ணீரில் மிதந்தது. ஒரு நார்கூட வெளியே வரவில்லை. பன்னிரண்டு ஸ்லைடு, பன்னிரண்டும் பூஜ்யம். ஆத்திரத்தில் ஒன்றை முற்றத்தில் வீசினேன். அண்ணி அதைப் பொறுக்கிக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாவது மழை வந்தபோது பேராசிரியரிடமிருந்து கார்டும் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன், மத்தியானம் மூன்றரை வண்டியில் மைக்ராஸ்கோப்போடு திரும்புகிறேன், தயாராக வை. இரண்டே வரி.

தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போனவள்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள். அண்ணன் வீட்டிலேயே சொல்லி அனுப்பியது, "சென்ட்ரல்ல எறங்கி டிராம் தண்டவாளத்தப் புடிச்சிக்கினு நேரா போ, காலேஜ் வந்துடும்." டிராமில் ஏறப் பயம். அதனால் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தேன். தண்டவாளம் திரும்பிய இடத்தில் திரும்பினேன். குனிந்த தலை நிமிரவில்லை.

கடைசியில் போய் நின்ற இடம் டிராம் ஷெட். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, கண்டக்டர் வேலைக்கா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்தான் பாவம், தெருமுனைவரை வந்து வழி காட்டினார். தண்டவாளம் எங்கோ இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தண்டவாளம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை ஒருநாள் வகுப்பில் சொன்னபோது பேராசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். கருவில் நரம்புக்கு வழி காட்டுவது என்ன என்று அப்போது உலகத்திலேயே இரண்டு கட்சி. ஒரு கட்சி, நரம்பு பிடித்துக்கொண்டு போக ஒரு பாதை போதும் என்றது. இன்னொரு கட்சி, போய்ச் சேரவேண்டிய இடத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து நரம்பை இழுக்கிறது என்றது. பேராசிரியர் இழுப்புக் கட்சி. நான் பாதைக் கட்சி. "பாதையை நம்பித்தானே டிராம் ஷெட்டுக்குப் போனே?" என்று அவர் என்னை வாரிக்கொண்டே இருப்பார்.

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்பது ஸ்லைடு போட்டேன். இந்தத் தடவை நீர் உறைந்தது. ஓரத்தில் வேஸலின் பூசி மூடினேன். வீட்டில் மின்சாரம் கிடையாது. மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் சூரியன்தான். பொழுது போனால் கடையை மூட வேண்டியதுதான்.

வெள்ளி காலை முதல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டில் கிருமி புகுந்து பால் மாதிரி கலங்கிக் கிடந்தது. ஒன்பதாவதை வைத்தேன். துணுக்கு தெளிவாக இருந்தது. அதன் ஓரத்திலிருந்து நீளமாக, நேராக ஒரு நார்!

"வந்துடுச்சு! அண்ணி, வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் மாடு கயிற்றை இழுத்தது. அண்ணி மாவுக் கையோடு ஓடிவந்து பார்த்தாள். "நூலு மாதிரி கீதே" என்றாள். வாயை மூடு என்றேன். அதன் பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

மானம் போனதும் பேராசிரியர் எழுந்தார். கொண்டுவந்திருந்த மரப்பெட்டியைத் திறந்து வைத்தார். "பரவாயில்லைம்மா. முயற்சி பண்ணினே. எல்.டி.க்கு நானே சிபாரிசுக் கடிதம் எழுதறேன்," என்றார். நல்ல மனிதர், நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

அண்ணி குறுக்கே வந்தாள். "சாமி, வெள்ளிக்கெழமை அதுவுமா ஊட்டுக்கு வந்துட்டு சாப்டாம போவக்கூடாது. எல போட்டாச்சு." அப்பாவும் சேர்ந்துகொண்டார். வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பேராசிரியர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

நான் சாப்பிட மாட்டேன் என்று மேசைக்கே திரும்பினேன். அந்த ஸ்லைடை எடுத்து நொறுக்கிப் போடத்தான் போனேன். நொறுக்குவதற்கு முன் என்னை ஏமாற்றிய அந்த வேட்டி நூலை ஒரு தடவை நன்றாகப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகலாம் என்று, பெரிதாகக் காட்டும் கண்ணாடியைத் திருப்பி, நூலின் அடியிலிருந்து மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன்.

நூலோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று இருந்தது.

மூணாவது முறுக்கு

தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் வருமே, அவ்வளவு மெல்லிசு. கண்ணாடி மாதிரி நிறமே இல்லை; முன்பு சின்னதாகக் காட்டும் கண்ணாடியில் பார்த்தபோது யார் கண்ணிலும் படாததில் ஆச்சரியமில்லை. துணுக்கிலிருந்து கிளம்பி, உறைந்த நீரில் கொஞ்ச தூரம் தனியாக வந்து, வேட்டி நூலைத் தொட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே போயிருந்தது. அதன் நுனி அகலமாக இருந்தது. அதில் விரல்கள் இருந்தன.

இன்னொரு தடவை ஏமாறத் தெம்பில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அண்ணியைக் கண்ணால் கூப்பிட்டேன். அவள் ரசப் பாத்திரத்தோடு வந்து குனிந்தாள்.

"அண்ணி, சத்தம் போடாதே. நூல்மேல என்ன இருக்கு?"

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமா, இன்னாமோ ஒட்டிகினு கீது. சன்னமா. பாவக்கா கொடி கயித்தப் புடிச்சிகினு ஏறுமே, அந்த மாதிரி." பிறகு, "அதோட நுனி மூணாவது முறுக்குக்கிட்ட கீது," என்றாள்.

எனக்குப் பளிச்சென்றது. முறுக்கு! பருத்தி நாரில் இருக்கும் அந்த முறுக்குகள் மைல்கல் வரிசை! மூணாவது முறுக்கில் இருக்கும் நுனி கொஞ்ச நேரத்தில் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. நகராவிட்டால் அதுவும் ஏதோ தூசு.

பேராசிரியர் ரசத்துக்கு வந்திருந்தார். "மெதுவா போடு," என்று அண்ணியிடம் கிசுகிசுத்தேன். என் அண்ணி இருக்கிறாளே, அன்றைக்கு அவள் அந்த மனிதருக்குப் பரிமாறிய மாதிரி மாப்பிள்ளை விருந்தில்கூட யாரும் பரிமாறியிருக்க மாட்டார்கள். இன்னொரு கரண்டி, இன்னொரு அப்பளம், மோருக்கு உப்பு போதுமா, ஊறுகாய் வேண்டுமா. அவர் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தார். அப்பா நடுவில் பட்டணத்து நிலவரம் கேட்டு இழுத்துக்கொண்டிருந்தார். இடையிடையே அண்ணி ஓடிவந்து ஒரு கண் பார்த்துவிட்டுப் போவாள்.

கடைசியாக வந்தபோது அவள் நிமிரவே இல்லை. "தனம், அது மூணாவதத் தாண்டிச்சு. நாலாவதுக்குப் பாதி தூரம் போயிடுச்சு. கையக் கைய நீட்டுதுடி!"

அவள் என் தோளைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது.

வண்டி போகட்டும்

பேராசிரியர் கை கழுவிவிட்டு வந்து, பெட்டியை மேசையருகே இழுத்தார். வாசலில் ஜட்காவண்டி காத்திருந்தது. அவர் மைக்ராஸ்கோப்பின்மேல் கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க சார்!"

கத்திவிட்டேன். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். அப்பா பதறிப்போய், "வாத்தியாருகிட்ட இப்படியா பேசறது?" என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க சார். ஒரே தடவை."

"வேட்டியை ஒரு தடவை பார்த்தாச்சே அம்மா."

"வேட்டியைப் பார்க்க வேணாம். வேட்டிமேல போறதைப் பாருங்க. நான் பொய் சொன்னா எல்.டி.க்கு நாளைக்கே போறேன். பார்க்காம பெட்டியை மூடினீங்கன்னா நான் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நெல் மூட்டைமேல் உட்கார்ந்து குனிந்தார்.

அவர் விரல் மட்டும் திருகைத் தொட்டது. ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம். வானத்தில் மேகம் சூரியனை மறைத்தபோது "ச்சு" என்றார். மேகம் விலகியதும் மறுபடி குனிந்தார்.

"சாமி, வண்டி ஆவடி தாண்டியிருக்கும். இப்பக் கெளம்பினாதான் ஸ்டேசன் புடிக்கலாம்," என்று ஜட்காக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"போகட்டும்," என்றார் பேராசிரியர், கண்ணை எடுக்காமலே.

கொஞ்ச நேரத்தில் அம்பத்தூர்ப் பக்கம் ரயில் ஊதியது. அவர் அசையவில்லை. "தனலட்சுமி, பென்சில் பேப்பர் கொண்டா," என்றார். "விரலை நீட்டுது. தடவுது. இழுத்துக்குது. திரும்ப நீட்டுது. முப்பது வருஷமா இதைப் போர்டுல படம் போட்டிருக்கேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரும் பார்த்ததில்லையா! அவர் எல்லாம் பார்த்தவர் என்றல்லவா நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணி எனக்கு முன்பே அழுதுகொண்டிருந்தாள்.

"முதல்ல எந்த இடத்துல இருந்தது?" என்று கேட்டார்.

"மூணாவது முறுக்கு சாமி. நீங்க ரசம் ஊத்திக்கசொல்ல," என்றாள் அண்ணி.

அவர் அதையும் அப்படியே எழுதினார். ரசம் நேரம், மூன்றாவது முறுக்கு. மோர் நேரம், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே. பார்த்தவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயரைக் கேட்டு, அலமேலு, சேக்காடு என்று எழுதினார். அந்தத் தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது.

வெளிச்சம் மங்கும்வரை பார்த்தோம். நான்காவது முறுக்கைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சூரியன் போய்விட்டது. போன மழையில் துணுக்குகள் ஏன் ஒரு நாரும் விடவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெறும் தண்ணீரில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "பார்த்தீங்களா சார், பாதைதான்! பிடிக்க ஒண்ணு இருந்தா போகுது, இல்லேன்னா போகலை!" என்று குதித்தேன்.

"சரி, பாதை வேணும். ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா உன் அப்பா வேட்டியில ஏறினது எந்தக் காலுக்குப் போகணும்னு அதுக்கு யார் சொல்றது? டிராம் ஷெட்டுக்கும் தண்டவாளம் போகுதே. அதைத்தான் இனிமே நீ மூணு வருஷம் உட்கார்ந்து பார்க்கணும்."

மூணு வருஷம். இரண்டு நொடி கழித்துத்தான் அது என் மண்டையில் ஏறியது. இடம் எனக்கு!

அந்தச் சண்டை முடிய எங்கள் காலம் போதவில்லை. இப்போது வரும் புத்தகங்களைப் பார்க்கிறேன். பிடித்துக்கொள்ளும் பாதையும் உண்டாம், இழுக்கும் பொருளும் உண்டாம், இந்தப் பக்கம் வராதே என்று விரட்டும் பொருளும் உண்டாம். இரண்டு கட்சியும் ஜெயித்திருக்கிறது. பேராசிரியர் இருந்திருந்தால் ரயிலேறி வந்து என்னோடு இன்னொரு தடவை சண்டை போட்டிருப்பார்.

அன்றைக்கு அவர் சாயங்கால வண்டிக்குக் கிளம்பினார். மரப்பெட்டியைக் கையில் எடுத்தார். பெட்டி காலி. மைக்ராஸ்கோப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மழைக்காலம் முடியறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும். உன் தவளை இங்கேதானே இருக்கு," என்றார். அண்ணி மூலையில் கிடந்த தையல் மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். அப்பாவைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"அந்தப் பழைய வேட்டி இன்னும் மீதி இருக்குங்களா? ஒரு முழம் கொடுத்தா நல்லா இருக்கும். காலேஜ்ல இவ்வளவு நைஞ்ச துணி கிடைக்காது."

அப்பா உள்ளே ஓடினார். முழுத் துணியையும் எடுத்து உதறி, நாலாக மடித்து, மைக்ராஸ்கோப்புக்காக வந்த பெட்டியில் தன் கையாலேயே வைத்து மூடினார். "ஒரு முழம் இன்னாத்துக்குங்க? முழுசா எடுத்துக்கினு போங்க," என்றார்.